லுஹர் தொழுதேனா?

பண்டாரவளை,
09.06.2024

அன்புள்ள கணவர் முஸ்தாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் றிப்காவும் சுகம். நீங்கள் கோபமாக இருப்பதாக உங்கள் அக்கா லரீபா மதினி சொன்னார். டோஹா வேலையை விட்டு வந்து பெரகலயில் துணிக்கடை போடப்போவதாகப் போனில் சொன்னீர்களாம். அடுத்த நாளே ஒன்றும் தெரியாதவள் போல நான் கேட்டேனாம். சத்தியமாக நினைவில்லை.

நேற்று மத்தியானம் லுஹர் தொழுதேனா இல்லையா என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் தொழுதிருக்கிறேன். மகள் தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். சிரித்தேன், பிறகு பயந்துபோனேன். சின்ன வயதிலிருந்தே எந்தக் குளிசைக்கும் என் வலிப்பு அடங்கவில்லை, அது பழகிவிட்டது. இப்போது புத்தியும் போகிறதா? பைத்தியமாகிவிடுவேனோ?

போனில் சொல்வது மனதில் நிற்கவில்லை. கடிதம் போடுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்கலாம்.

உங்கள்
ஸல்மா

டோஹா,
27.06.2024

ஸல்மாவுக்கு ஸலாம்.

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒருகாலத்தில் நீ வேலை பார்த்த துணிக்கடையிலிருந்த ஒவ்வொரு சேலையின் விலையையும் பார்க்காமல் சொன்னவள் நீ. நான் வருவது மட்டுமா மறக்கும்?

மறைக்காமல் சொல்கிறேன். நான் திரும்பி வருவதில் உனக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பில் சோறு இறங்கவில்லை. பதுளைக்குப் போனால் டொக்டரிடம் வலிப்பை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறாய். இந்த முறை மறதியையும் சொல்.

முஸ்தாக்

பண்டாரவளை,
21.07.2024

அன்புள்ள உங்களுக்கு,

ஸலாம். பதுளைக்குப் போய் வந்தேன். புது டொக்டர், லீலாதேவி என்று பெயர், யாழ்ப்பாணத்து அம்மா. சில சொற்களைச் சொல்லித் தந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பாதிகூட வரவில்லை. வெட்கமாகிவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது பைத்தியமுமில்லை, அசட்டையுமில்லை பிள்ளை. உமக்கு வலிப்பு கிளம்புற இடத்திலதான் ஞாபகமும் பதியிறது."

நான் சும்மா வெறித்துப் பார்ப்பதாக மதினி ஏசுவாரே, அதுவும் வலிப்புத்தானாம். நான் போடும் குளிசைகளில் ஒன்றும் யோசனையை மந்தமாக்குகிறதாம், அதைக் குறைத்திருக்கிறார். வலிப்புக்கு ஒப்பரேஷன் சரிவருமா என்று பார்க்கக் கொழும்புக்கு எழுதித் தந்திருக்கிறார். மறதி முழுவதும் போகும் என்று சொல்லவில்லை. போகட்டும். கிளினிக்கிலேயே இருந்து அழுதேன், அவ்வளவு நிம்மதி.

நீங்கள் வருவதில் எனக்கு விருப்பமில்லையா? என்ன பேச்சு இது?

உங்கள்
ஸல்மா

டோஹா,
08.08.2024

என் ஸல்மாவுக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் வருகிறேன் என்று அப்போது மூன்று நாள் சேர்ந்தாற்போல் சொன்னேன். மூன்று நாளும், "மெய்தானா சொல்றீங்க?" என்று கேட்டு நீ அழுதாய். முதல் நாள் எனக்கும் கண் கலங்கியது. மற்ற நாட்களில், இவள் நடிக்கிறாள் என்று கோபத்தோடு போனை வைத்தேன். நடிப்பில்லையே ஸல்மா. ஒவ்வொரு நாளும் நீ புதிதாகவே சந்தோஷப்பட்டிருக்கிறாய். நான் வருகிறேன் என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன். மறந்துபோனால் மகளிடமோ மதினியிடமோ கேட்காதே. எனக்குப் போன் எடு. நான்தான் சொல்வேன்.

உன்
முஸ்தாக்