பழனிச்சாமி எந்த செட்?

ஜூன் 8, ஞாயிறு

பழைய மாணவர் சங்கம், அபுதாபி கிளை, செயற்குழு. முசஃபா கேம்பில் இருக்கும் நம்மூர்த் தொழிலாளர்களுக்கு வெயில் தொப்பி கொடுப்பதாக முடிவு. அதை முடிவு செய்ய ஐந்து நிமிடம். பேனரில் யார் படம் என்பதற்குத்தான் மதியம் முழுக்கப் போனது. தலைவர் சேதுராமன் சாரின் படம் வென்றது. வேறு யார் படமும் போட்டியில் இல்லை!

பெட்டி சுமப்பது நான். நாற்பத்தைந்து வயதானால் என்ன, குழுவில் கடைசி செட் நான்தானே.

ஜூன் 22, ஞாயிறு

சேது சார் தொப்பியை நீட்டியபடி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் ஐம்பதைத் தாண்டிய வெல்டர். தொப்பியைத் தொடாமல், "டேய் சேது, பட்டனப் போடுறா" என்றார்.

எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் சீனியரைக் கண்டால் ஜூனியர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டாக வேண்டும். சேது சாரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. போட்டிருந்ததோ சங்கத்தின் வட்டக் கழுத்து டி-ஷர்ட். பெரிய கம்பெனியின் ஜெனரல் மேனேஜர், இல்லாத பட்டனைத் தடவித் தேடுகிறார்!

வெல்டரின் பெயர் பழனிச்சாமி, கரூர்ப் பக்கம். சேது சாருக்கு ஒரு வருடம் சீனியர். இரண்டாம் வருடம் பாதியில் அப்பா இறந்துபோக, படிப்பை விட்டவர்.

கிளம்பும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏந்தம்பி, பாதியில போனவனையும் உங்க சங்கத்துல சேத்துக்குவீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 23

ஷியாமளா, "உங்க தலைவர் கை எங்க போச்சு, இன்னொரு தடவ காட்டுங்க" என்றாள். மூன்று தடவை நடித்துக் காட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

கூட்டத்தில் பழனிச்சாமி அண்ணன் பேச்சை எடுத்தேன். "பட்டம் வாங்கினவங்களுக்குத்தான் சங்கம், விதி இருக்குல்ல" என்றார் பொருளாளர் கௌஸ் முகைதீன். எல்லோரும் சேது சாரைப் பார்த்தோம். அவர் தன் போனைப் பார்த்தார்.

அடப்பாவி மனுஷா! அங்க பட்டனத் தேடுன கைதானே அது? இப்ப நான் போய் அவர்கிட்ட என்னன்னு சொல்றது?

ஜூலை 8

பழனிச்சாமி அண்ணன் போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சேது சாரே வீட்டுக்கு வந்தார். காபியைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கு அம்மை போட்டுச்சு. பிளாக்கே காலி. அந்த ஆளு மட்டும் ஊருக்குப் போகல. தினம் கஞ்சி குடுத்தான்... குடுத்தாரு. அன்னிக்கு மீட்டிங்ல வாயத் திறந்தா அழுதுருவேன்னு இருந்துச்சுடா."

அதற்காகப் போனையா பார்ப்பது என்று கேட்க வந்தேன். சீனியராயிற்றே, கேட்கவில்லை. நான் பட்டிருந்த கோபமெல்லாம் வீணாய்ப் போனதுதான் வருத்தம்.

ஜூலை 20, ஞாயிறு

விதி மாறிவிட்டது. நம் ஹாஸ்டலில் ஒரு நாள் தங்கிப் படித்தவரும் உறுப்பினர்.

"அப்ப மெஸ் மாஸ்டர்?" என்றார் கௌஸ் முகைதீன்.

"அவரையும் சேத்துக்கய்யா" என்றார் சேது சார்.

வெளியே வந்ததும் பழனிச்சாமி அண்ணனை அழைத்துச் சொன்னேன். "செரி தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இவ்வளவுதானா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பழனிச்சாமி அண்ணன் அழைத்தார். மகள் இளவேனிலுக்கு நம் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கிறதாம்.

"நானும் அங்க படிச்சவன்னு புள்ளகிட்டச் சொன்னதே இல்ல தம்பி. முடிக்காதவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? நேத்துத்தான் சொன்னேன். நம்ப மாட்டேங்குது. சேதுவ ஒரு வார்த்த பேசச் சொல்றியா?"

மாலையில் சேது சார் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அங்கேயே ஊரிலிருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டார். வீடியோ இல்லை, வெறும் குரல்தான்.

"இளவேனிலாம்மா? உங்கப்பா எனக்கு சீனியர்" என்றார்.

பக்கத்திலேயே சோபா இருந்தது. பேசி முடிக்கும்வரை மனிதர் உட்காரவில்லை.