தாய் தந்தை சம்மதம் உண்டா?

மார்ச் 4, செவ்வாய்

உலக மதங்கள் பொது அறிவுப் புத்தகத்தில் இன்று யூத மதம் எழுதி முடித்தேன். எட்டாம் வகுப்புக்கு இவ்வளவு போதும் என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். கண்ட இடத்தில் ஒன்றைப் போட்டுவிடுவார். ஒரு மதத்துக்கு நான்கு பக்கம், பத்து வினா. எனக்கும் அவ்வளவுதான் தெரியும். எல்லா மதத்தின் நோன்பும் நூலும் விரல் நுனியில் இருக்கின்றன, கும்பிடத்தான் ஒன்றிலும் தெரியாது. இவர் வீட்டில் ஒரு மதம், என் வீட்டில் ஒன்று. வம்பு வேண்டாம் என்று கல்யாணத்தோடு இரண்டையும் விட்டுவிட்டோம்.

இரவு சாப்பிடும்போது மகன், துறவியாகப் போகிறேன் என்றான். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் புத்த மடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தானாம். யாரோ ஒரு பெண் இருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! மடத்தில் குரு ஒப்புக்கொண்டுவிட்டார், உங்கள் இரண்டு பேர் சம்மதம்தான் பாக்கி என்றான். இவர் கரண்டியைக் கீழே வைத்தார். நான் எழுந்து பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 5

ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இவர் அதற்குள் இறங்கி வந்துவிட்டார். குடிக்கவில்லை, கூத்தடிக்கவில்லை, நல்லதுக்குத்தானே போகிறான், எதைச் சொல்லித் தடுப்பது என்கிறார். நியாயம்தான். எவளையாவது கூட்டிக்கொண்டு ஓடியிருந்தால் வாயாரத் திட்டியிருப்பேன், பேரன் பிறந்ததும் சமாதானம் ஆகியிருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது?

இருபத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் அவன் கை வேலையால்தான்.

மார்ச் 17, திங்கள்

பௌத்தம் என் தலையில்தான் விழுந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன்.

‘உங்களுக்குத் தெரியுமா?’ கட்டத்துக்கு ஒரு செய்தி வேண்டும். புத்தரின் தகப்பனார் கதையைப் போட்டேன். மகன் போனான். பொறுத்துக்கொண்டார். பேரனும் போனான். அது பொறுக்கவில்லை. இனிமேல் பெற்றவர்கள் சம்மதிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்கக்கூடாது என்று மகனிடமே போய்க் கேட்டார். அதுவே விதியாகிவிட்டது.

அந்த மனிதர் பட்ட பாட்டில் கிடைத்த பிடி, இத்தனை காலம் கழித்து என் கையில் இருக்கிறது. காற்புள்ளி கட்டத்தைப் படித்துவிட்டு, ‘பேரனும்’ என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டார்.

மார்ச் 22

பழைய கதை ஒன்றில் ஒருவன், பெற்றவர்கள் சம்மதிக்கும் வரை சாப்பிடாமல் தரையிலேயே கிடந்தானாம். நம்ம ஆள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

ஏப்ரல் 2, புதன்

சமையலறை வாசலில் வந்து நின்றான். “அம்மா, ஏதாவது சொல்லேன்” என்றான். துவைக்கிற துணி இருந்தால் எடுத்துப் போடு என்றேன். எடுத்துப் போட்டான்.

இது கோபமா? தெரியவில்லை. கோபம் என்றால் சூடாக ஏதாவது இருக்க வேண்டாமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

கிளம்பிவிட்டான். ஒரே ஒரு பை. நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் இவர் அவனிடம், “அவ சும்மா இருக்கான்னா சரின்னுதான் அர்த்தம், நீ கெளம்பு” என்று சொன்னது காதில் விழுந்தது.

புத்தத் துறவிகள் சங்கத்திலும் அதுதான் முறை. தீர்மானத்தை வாசிப்பார்கள், மறுப்பவர் மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் பேசாமல் இருந்தாலே சம்மதம். ஏழாவது வினாவாக நானே எழுதியிருக்கிறேன். அப்படியானால் நானும் சம்மதித்தாயிற்று போலிருக்கிறது.

ஏப்ரல் 11

இஸ்லாம் நான்கு பக்கமும் முடிந்தது. பிழை ஒன்றும் இல்லையாம்.

ஏப்ரல் 19, சனி

மொட்டைத் தலையோடு வந்து நிற்கிறான்.

துறவு கொடுக்கும்முன் சபையில் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். அதற்கு மடத்தில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். தாய் தந்தை சம்மதம் உண்டா என்று கேட்டபோது, தந்தை சம்மதம் உண்டு, தாய் சம்மதம் இல்லை என்றானாம். வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

இவருக்கு எரிச்சல். உண்டு என்று சொல்லித் தொலைத்தால் என்ன, அவளா வந்து மறுக்கப்போகிறாள் என்று சத்தம் போட்டார். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அம்மா சும்மா இருந்தா சரின்னு அர்த்தம் இல்லப்பா. உங்களுக்கு இன்னுமா தெரியல?” என்றான்.

கூடவே குடும்பம் நடத்துற மனுஷனுக்குத் தெரியல — இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவனா எங்கிட்ட இருந்து போறேங்கறான்?

ஏப்ரல் 30, புதன்

பழைய வேலைக்கே போகிறான். கம்பெனித் தொப்பி மொட்டைத் தலையில் நிற்காமல் காது வரை இறங்குகிறது. கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்கிறார்களாம், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. சம்மதத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கடைக்குப் போய் வருகிறான், குழாய் ஒழுகினால் சரிசெய்கிறான்.

ஜெயித்தது நான்தான். பையன் வீட்டோடு இருக்கிறான். ஆனால் இவன் நான் சாகும்வரை இப்படியே நல்ல பிள்ளையாக இருந்துவிடுவான். அதுதான் பயமாக இருக்கிறது. பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன்.

மே 7, புதன்

காலையில் அவன் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தான். நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. “போகணும்னா போப்பா. நான் சம்மதிக்கிறேன்” என்றேன்.

பிரஷ் நின்றது. “மனசாரச் சொல்றியா?” என்றான்.

“மனசார இல்ல. ஆனா சொல்றேன்.”

பாலீஷ் டப்பாவை மூடினான். “அது செல்லுமான்னு குருகிட்ட கேக்கணும்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்து!

மே 9

செல்லுமாம். மனசு அவங்களோடது, வார்த்தை கொடுத்தால் போதும் என்றாராம் குரு.

மே 18, ஞாயிறு

இவரும் நானும் போயிருந்தோம். நீளமான கூடம், தரையெல்லாம் பாய். எங்களைப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

கேள்விகள் ஆரம்பித்தன. நோய் உண்டா, இல்லை ஐயா. மனிதன்தானா, ஆம் ஐயா. கடன் உண்டா, இல்லை ஐயா. எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். தாய் தந்தை சம்மதம் உண்டா என்று கேட்டதும் அவன் பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அப்படித் திரும்பக்கூடாது. பக்கத்தில் இருந்த துறவி அவன் முழங்கையைத் தொட்டார், அப்போதும் திரும்பியபடியே இருந்தான். கூடமே காத்திருந்தது. நான் தலையை ஆட்டினேன். அது அவனுக்குப் போதவில்லை.

“உண்டு” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் முன்பக்கம் திரும்பி, உண்டு ஐயா என்றான்.

முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அவனை விழுந்து வணங்கினோம். இவரால் திரும்ப எழுந்திருக்க முடியவில்லை. அவன் கை கொடுத்துத் தூக்கினான். எனக்குக் கை கொடுக்கக்கூடாது. துறவி பெண்ணைத் தொடக்கூடாது, இனிமேல் என்னையும். நானே ஊன்றி எழுந்தேன்.

வெளியே செருப்பைத் தேடும்போது அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், நிற்கவே இல்லை. ஏம்மா, ஏம்மா என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு, என் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.