ஊற்று என்று பலகை வைத்த இடம்

மார்ச் 4

நீர்மட்டம்: கம்பத்தில் ஏழாவது கோடு. கசிவு: ஒன்றும் இல்லை. குறிப்பு: இந்த நோட்டு என் மடிக்கு வந்த கதை.

பண்ணையில் தங்க வரும் விருந்தாளிகளுக்காக எங்கள் மண் அணையில் படகு விட மகன் அனுமதி கேட்டான். பார்க்க வந்த ஆய்வாளரம்மா கரையில் ஒரு நடை போய்வந்து இந்த நோட்டைக் கொடுத்தார். வாரம் ஒருமுறை கரையைச் சுற்றி வந்து கண்ணில் பட்டதை எழுத வேண்டுமாம். மகன் அதை அப்படியே என்னிடம் தள்ளினான். "நீங்க சும்மாதானேப்பா இருக்கீங்க." எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டது.

ஆகவே சொல்வது நான், எழுதுவது மருமகள். நூலகத்தில் வேலை பார்ப்பவள். கையெழுத்து அச்சுக் கோர்த்த மாதிரி இருக்கும் என்கிறார்கள். எனக்கு எல்லாக் கையெழுத்தும் ஒன்றுதான்.

"மாமா, இதெல்லாமா எழுதறது? குறிப்புக்கு நாலு விரல் இடம்தான் விட்டிருக்கு."

"பொடியா எழுதும்மா."

மார்ச் 11

நீர்மட்டம்: ஏழுக்குக் கொஞ்சம் கீழே. கசிவு: இல்லை.

படகுகள் வந்துவிட்டன. இரண்டு. மிதித்தால் போகும். அன்னம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கழுத்தைப் பார்த்தால் கோபித்துக்கொண்ட வாத்து. முதல் சவாரியே நடுவில் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. புதுசாகக் கல்யாணமான விருந்தாளிகள் இருவரும் முக்கால் மணி நேரம் மிதித்தார்கள். முதல் கால் மணி சிரித்தார்கள்.

மிதவைச் சட்டை ஆறு வாங்கியிருக்கிறான். போட்டோ எடுக்கும்வரை போட்டுக்கொள்கிறார்கள், எடுத்ததும் கழற்றிவிடுகிறார்கள். வருகிறவர்களுக்கு என்று பதினோரு பலகைகள். குதிக்காதே, ஓடாதே, குப்பை போடாதே. அணையைச் சும்மா விடு என்று ஒரு பலகைகூட இல்லை.

மார்ச் 18

நீர்மட்டம்: ஒன்பது! எட்டைத் தாண்டியதே கிடையாது இந்த அணை.

எட்டுக்கு மேல் வரும் தண்ணீர் கலிங்கு வழியாகத் தானே வழிந்து ஓடிவிடும். அதற்காகத்தான் கரையின் ஓரத்தில் அந்தத் தாழ்வான வாயை விட்டு வைத்தேன். மகன் அதில் பலகை அடுக்கி அடைத்து, ஓடைத் தண்ணீரையும் அணைக்குள் திருப்பிவிட்டான்.

"என்னடா இது?"

"படகு தட்டுதுப்பா. ரெண்டு கோடு ஏத்துனா ஜம்முனு போகும்."

"மழை ஒண்ணு கொட்டுனா தண்ணி எங்கடா போகும்? கரைக்கு மேலயா?"

"மழை வந்தா பலகையை எடுத்துடுவேன்."

"மழை உன்கிட்ட சொல்லிட்டுத்தான் வருமா?"

"எப்பப் பாரு நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

கரைக்குக் கீழே சரிவில் என் மகளின் வீடு இருக்கிறது. இவனுக்கு மூத்தவள். அவள், அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள். இதையும் எழுதும்மா என்றேன். மருமகள் தன் புருஷன் பேசியதை மட்டும் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதப் பார்த்தாள். விடவில்லை.

மார்ச் 25

நீர்மட்டம்: பத்து. கசிவு: உண்டு.

கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில், ஒரு பாய் அகலத்துக்கு ஈரம். நடுவில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வருகிறது. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தெளிவு. தெளிவாக வந்தால் அணை வேர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கி வந்தால் அணையின் மண்ணும் சேர்ந்து போகிறது என்று அர்த்தம்.

மதகிலிருந்து அந்த இடம்வரை எட்டு வைத்து எண்ணினேன். எத்தனை என்று எழுத வேண்டாம்.

"ஏன் மாமா?"

வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஏப்ரல் 1

கசிவுக்குப் பக்கத்தில் பன்னிரண்டாவது பலகை. மருமகள் வாசித்துக் காட்டினாள்: "இயற்கை ஊற்று." இன்றைய தேதிக்கு ஏற்ற பலகைதான். ஆனால் மகன் விளையாடவில்லை.

ஏப்ரல் 5

வாரக் கணக்கில் இன்று இல்லை. இருந்தாலும் எழுதச் சொன்னேன்.

ஊற்றைச் சுற்றிக் கூழாங்கல் பதித்திருக்கிறான். ஒரு அம்மாள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார், மூட்டு வலிக்கு நல்லதாம். என்னிடமே சொல்கிறார். "நீங்களும் தினம் ஒரு மடக்குக் குடிங்க பெரியவரே, அப்புறம் பாருங்க, ஓடுவீங்க."

ஓட வேண்டிய நாள் வரும் அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

மகளும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரே பெருமை. "இப்பல்லாம் நான் செடிக்குத் தண்ணியே ஊத்தறதில்லப்பா. மண்ணு எப்பவும் ஈரமாவே இருக்கு. அந்த வீட்டு ராசி."

டம்ளர்: தெளிவு.

ஏப்ரல் 8

நீர்மட்டம்: பத்து. டம்ளர்: கலங்கல். கஞ்சித் தண்ணீர் நிறம். பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். அடியில் அரை விரல் மண்.

மகனிடம் சொன்னேன். "பசங்க கால் வெச்சுக் கலக்கியிருப்பாங்கப்பா" என்றான்.

சரி. எழுதும்மா. இனி சொல்வதை நிறுத்தாமல் எழுது.

மதகிலிருந்து அந்த இடம் நாற்பத்தாறு எட்டு. நாற்பத்தொரு வருடத்துக்கு முன் நானும் செத்துப்போன என் அண்ணனும் இந்த அணையைக் கட்டினோம். புல்டோசர் வாடகைக்கு, மூன்று நாளைக்கு. மூன்றாம் நாள் சாயங்காலம் கரை விழ வேண்டிய தடத்தில் ஒரு மரத்தின் அடிக்கட்டை நின்றது. சாப்பாட்டு மேசை அளவு, வேரெல்லாம் ஆழத்தில். அண்ணன் டீசல் வாங்கப் போயிருந்தான். டிரைவருக்கு இடது முழங்காலில் கட்டு, வாயில் சீட்டி. "இதைப் பிடுங்க இன்னும் ஒரு நாளாகும். அப்படியே மண்ணைத் தள்ளி மூடிடவா?" என்று கேட்டான். மூடு என்றேன். யோசித்தது ஒரு தும்மல் நேரம். கட்டை மக்கினால் உள்ளே பொந்து விழும் என்று அப்போதே தெரியும். மக்க எத்தனையோ வருடமாகும், அதற்குள் நான் இருக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டேன். பார், இருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சரிவில் மகளுக்கு மனை கொடுத்தேனே, அன்றைக்கும் சொல்லவில்லை. எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். இந்த ஒன்றை மட்டும் மறந்தவன் மாதிரியே இருந்து பழகிவிட்டேன்.

எழுதத் தெரிந்தவன் ரகசியத்தை நோட்டில் எழுதிப் பூட்டி வைப்பான். எனக்கு அதற்கும் ஒரு ஆள் தேவைப்படுகிறது.

(மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து, இதையும் எழுதிக்கொள்கிறாள்.)

"அண்ணி வீடு அதுக்கு நேர் கீழதானே மாமா?"

ஆமாம்.

ஏப்ரல் 9

இன்று விருந்தாளிகளின் புகார். ஊற்று அழுக்காக இருக்கிறதாம், போட்டோவில் நன்றாக விழவில்லையாம். நான் மூன்று வாரம் கத்தியும் அசையாத மகன், இதற்கு ஒரே ஓட்டமாக ஓடினான். யாரிடம்? பிளம்பரிடம். ஊற்றுக்கு ஒரு வடிகட்டி மாட்ட முடியுமா என்று.

பிளம்பர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கரையைப் பார்த்தார். "தம்பி, இது என் வேலை இல்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு, போகும்போது ஓட்டமும் நடையுமாகப் போனார். இந்த வீட்டுக்கு இதுவரை வந்தவர்களில் அவருக்குத்தான் மூளை.

அதற்குள் மருமகள் ஆய்வாளரம்மாவுக்குப் போன் போட்டு, நேற்றைய பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனோ? தெரியவில்லை. கேட்காததே நல்லது.

மத்தியானம் ஆய்வாளரம்மா வந்தார். கலங்கலைக் கையில் ஏந்திப் பார்த்தார். "ஐயா, எத்தனை எட்டு சொன்னீங்க?"

"நாப்பத்தாறு."

அவரும் நடந்தார். அவருக்கு ஐம்பது வந்தது. கால் சின்னது.

மகன் மதகை முழுசாகத் திறக்க ஓடினான். அந்த அம்மா பிடித்து நிறுத்தினார். "ஒரேயடியா இறக்குனா உள்பக்கக் கரை சரிஞ்சு விழும். நிதானமாத்தான் இறக்கணும். முதல்ல கலிங்குல அடுக்குன பலகையை எடுங்க. கீழ இருக்கிற வீட்டைக் காலி பண்ணுங்க, இப்பவே." கசிவின் மேல் மணல், பொடி ஜல்லி, பெரிய ஜல்லி என்று அடுக்கச் சொன்னார். "அடைச்சுடாதீங்க. தண்ணி வரட்டும். மண்ணு மட்டும் வரக் கூடாது."

மகள் சமையல் பாதியில், கையில் கரண்டியோடு வந்தாள். காரணத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்று மருமகள் நின்றுவிட்டாள். சொன்னேன்.

"தெரிஞ்சுதான் அந்த இடத்தைக் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம்வரை அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 22

நீர்மட்டம்: மூன்று. டம்ளர்: தெளிவு. மகள் தன் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை. படகு இரண்டும் சேற்றில். வாத்துகளின் கோபத்துக்கு இப்போது காரணம் இருக்கிறது.

ஜூன் 10

நீர்மட்டம்: அணையே காலி. கரையை வெட்டினார்கள். கட்டை வந்தது. மேலே ஓடு, உள்ளே ஆள் கை போகிற பொந்து. ஆய்வாளரம்மா தலை ஆட்டினார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா" என்று ஆரம்பித்தவர், திரும்பிக் கீழே மகள் வீட்டைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 19

கரையைப் புதிதாகக் கெட்டித்துவிட்டார்கள். நேற்றைய மழையில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மகன் கட்டையை வாசலில் நிறுத்திப் பதின்மூன்றாவது பலகையும் வைத்துவிட்டான்: "அணைக்குள் 41 ஆண்டுகள்." ஆட்கள் அதில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். அதுவாவது ஒரு வேலைக்கு ஆனது.

மகள் தன் வீட்டுக்குத் திரும்பி மூன்று வாரம். என் வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

செப்டம்பர் 16

நீர்மட்டம்: ஆறு. கலிங்கு: திறந்திருக்கிறது.

காலையில் மகள் வந்தாள். உட்காரவில்லை. வாசல் கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"செடியெல்லாம் வாடிப்போச்சு. மண்ணு காஞ்சு வெடிச்சுக் கெடக்கு."

"சரிம்மா."

"நீளமா ஒரு ஓஸ் பைப் வேணும்."

எத்தனை அடி என்று நான் கேட்கவில்லை. என் குழாயிலிருந்து அவள் செடிவரை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நானே வாங்கி, தோளில் சுற்றிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன். திரும்பும்போது கரையடியில் மதகிலிருந்து எட்டு வைத்தேன். நாற்பத்தாறு. குனிந்து தொட்டேன்.

கசிவு: இல்லை.