அறுநூற்று நாற்பது சுற்று

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நான் அழுவேன், நீ சும்மா இருப்பாய். அதனால்தான் காகிதம். பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஐந்தாவதோடு நின்றவள் நான்.

உன் அண்ணன் கண்ணை மூடி எழுபது நாள் ஆகிறது. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டோடு எழுந்து நடக்கிறேன். மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும்போதும் கால் நிற்பதில்லை. "நீ நடக்குற நடைக்கு நாலு ஃபேன் ஓடும்"னு முதலாளியம்மா சொல்றாங்க.

அவர் மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. நீ போன பிறகு அவரே செய்ய ஆரம்பித்த ஃபில்டர் பெடல். காலால் மிதித்தால் கிட்டார் சத்தம் வாய் திறந்து மூடுகிற மாதிரி வருமே, கடையில் விலை கேட்டாலே தலை சுற்றுமே, அதேதான். ஒன்றரை வருஷம் பிரித்துப் பிரித்து ஒட்டினார். சரியாக வரவில்லை. அந்த டப்பாவை மூடி வைக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

அவர் வாசித்த அசல் பெடல் உன்னிடம் இருக்கிறது. அதை அனுப்ப வேண்டாம். அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்பு போதும். பற்றவைக்க ரேடியோ ரிப்பேர்க்காரர் இருக்கிறார். காயில் நான் சுற்றிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

திறந்து பார்த்தேன். படம் எடுக்க ஒன்றும் இல்லை. யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று உள்ளே கறுப்புப் பிசினை ஊற்றிக் கல்லாக்கி வைத்திருக்கிறார்கள். உடைத்தால் பெடல் செத்துவிடும்.

எனக்கு உடைக்க மனசு வரவில்லை. சண்டை போட்டுக் கிளம்பி இங்கே வந்து பையைத் திறந்தால், சட்டைகளுக்கு நடுவில் இது. வாயால் சொல்ல வராததை அண்ணன் பையில் வைத்துச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். என் கோபமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது. பிறகு எத்தனை தடவை கூப்பிட்டேன், ஏன் எடுக்கவே இல்லை? எனக்குக் கொடுத்துவிட்டு எதற்கு இன்னொன்று செய்தார்? இங்கே லிப்ட் ரிப்பேர் வேலை. மேலே போகும்போதும் கீழே வரும்போதும் இதே யோசனைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

ஜூலை 6

தம்பி,

உன் கடிதத்தை எட்டு நாளாக முந்தானையில் முடிந்துகொண்டு அலைகிறேன். சொல்லிவிடுகிறேன்.

அவர் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

கச்சேரி மேடையில் யார் முன்னால் நிற்பது என்று இரண்டு பேரும் அப்படிக் கத்தினீர்கள். நீ குளிக்கப் போனாய். அது உன் பைக்குள் போனால், வாங்க அவர் வருவார், இல்லை கொடுக்க நீ வருவாய் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு.

மறுநாள் ரிகர்சல் ரூமில் எல்லார் முன்னாலும் சொன்னார், "என் தம்பி திருடிட்டுப் போயிட்டான்"னு. நம்ம இடி, அதான் டிரம்ஸ்காரர், "போன் போட்டுக் கேளேன்யா"ன்னார். "திருடன்கிட்ட என்னய்யா கேக்குறது?" நான் அங்கேதான் டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே போய்விட்டது.

இதோடும் முடியவில்லை. அவர் செய்த பெடலுக்குக் காயில் என்னைத்தான் சுற்றச் சொன்னார். அறுநூற்று நாற்பது சுற்று. நான் ஐந்நூறில் நிறுத்தினேன். வேண்டுமென்றே. வேலை செய்யாவிட்டால் வேறு வழியில்லாமல் உன்னைக் கூப்பிடுவார் என்று. நாலு காயில் சுற்றினேன். நாலும் ஐந்நூறுதான். மிதித்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கத்தும்.

"சரியா எண்ணுனியா?"

"நான் எண்ணாம வேற யாரு எண்ணுவா?"

"அதானே. உன் கை தப்பாது. என் கணக்குலதான் எங்கேயோ கோளாறு."

அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பார். கடைசி வாரம் கூடப் பிரித்தார். கோளாறு என் ஐந்நூறு மட்டும்தானா, அவர் பிரித்துப் பூட்டியதிலும் இருக்கிறதா என்று தெரியத்தான் உன்னிடம் படம் கேட்டேன்.

என்னைத் திட்டி எழுது. சும்மா மட்டும் இருந்துவிடாதே.

அண்ணி

ஆகஸ்ட் 21

அண்ணி,

என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள்.

பெடலை உடைத்துவிட்டேன். வேலைக்கு வைத்திருக்கும் சூட்டுக்காற்று மெஷினைக் காட்டி, ஊசியால் பிசினைச் சுரண்டினேன். பத்து ஞாயிறு சுரண்டுகிற வேலையை ஐந்து ஞாயிறில் முடித்தேன். இனி அது பாடாது. எது எதோடு சேர்கிறது என்று வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

காயிலையும் அவிழ்த்து எண்ணினேன். அறுநூற்று நாற்பது. அண்ணன் கணக்கு சரிதான்.



செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ வரைந்ததை ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் காட்டினேன். டப்பாவையும் உன் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல நான் மாத்த ஒண்ணுமில்லையேம்மா. காயிலை மட்டும் மாத்துனா போதும்"னு சொன்னார்.

கடையிலேயே உட்கார்ந்து சுற்றினேன். நூறுக்கு ஒரு தரம் சுவரில் கோடு போட்டேன். அறுநூற்று நாற்பதுக்கு அப்புறமும் விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளியம்மா வந்து கையைப் பிடித்தாங்க.

டப்பாவை ரிகர்சல் ரூமுக்கு எடுத்துப் போனேன். பேண்டு ஆட்கள் ஒயரை மாட்டப் போனாங்க. இருங்க என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பையில் வைத்தது, டீ ஊற்றிக்கொண்டு நின்றது, ஐந்நூறில் நிறுத்தியது. இடிதான், "சின்னவன் எனக்கும்தானேம்மா போன் பண்ணான். நானும் எடுக்கலையே"ன்னு சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கீபோர்டுக்காரர்தான் கிட்டாரை எடுத்துத் தப்பும் தவறுமாக வாசித்தார். நான் மிதித்தேன். முதல் மிதியிலேயே வந்துவிட்டது தம்பி. அதே சத்தம். காலை எடுக்கவும் பயம், அழுத்தவும் பயம்.

அதை இங்கே வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கே அனுப்புகிறேன். நீ பதில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. இந்தத் தடவை சட்டைக்கு நடுவில் ஒளித்து வைக்கவில்லை. தபால் ஆபீஸில் எல்லாரும் பார்க்க நின்று, பெறுபவர் இடத்தில் உன் பேரும், அனுப்புவது யார் என்ற இடத்தில் என் பேரும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அண்ணி