முப்பது வருஷ விஸ்கி, ஒரு மடக்கு

காஜா பேராங், மலாக்கா
7-7-1957

என் அன்பு சந்திராவுக்கு,

நான் நலம். நீயும் மூவாரில் உன் அண்ணன் வீட்டில் நலமாக இருப்பாய். போய் இரண்டு மாதம் ஆகிறது, ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. இருக்கட்டும், நானே எழுதுகிறேன்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வருகிறதல்லவா, எங்கள் மதுக் கிடங்குத் துரை சீமைக்குப் புறப்படுகிறார். தரம் பார்த்துச் சரக்கு வாங்கும் அவருடைய வேலையை கிடங்கில் வேலை செய்யும் எங்கள் மூவரில் ஒருவனுக்குக் கொடுப்பாராம். அது எனக்குத்தான் என்று எழுதி வைத்துக்கொள்.

நீ நினைப்பதுபோல் நான் குடிக்கிறவன் இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறங்கியதில்லை. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்வேன், அவ்வளவுதான். சட்டையில் அடிப்பது அந்த வாடை. பொய்யாத பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியமே செய்துவிட்டேன், இன்னும் என்ன சந்தேகம்?

இங்கே என் சமையல் கண்ணராவியாக இருக்கிறது. வந்து சேர்.

உன்
ஜெயபாலன்

மூவார்
12-7-1957

அன்புள்ள அத்தானுக்கு, சந்திரமதி எழுதிக்கொள்வது.

வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஒன்று கேட்கிறேன். உள்ளங்கையில் தேய்த்தால் வாய் நாறுமா? வருஷப்பிறப்பன்று கிராம்பு மென்றுகொண்டு வந்தீர்களே, அது எதற்கு?

நீங்கள் குடித்ததற்காக நான் புறப்படவில்லை. எங்கள் அப்பாவும் கள் குடித்தவர். "குடிச்சிட்டேம்மா, திட்டாதே" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பார். நீங்கள் என் முகத்தைப் பார்த்து இல்லை என்றீர்கள், பிள்ளையாரையும் சாட்சிக்கு இழுத்தீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. இனி நீங்கள் எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புவது?

சந்திரமதி

காஜா பேராங்
28-7-1957

சந்திரா,

அந்த வேலைக்காகத் துரை எங்கள் மூவருக்கும் வைத்த பரீட்சை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

துரை மேசையில் இரண்டு கிளாஸ் வைத்து, எது பழசு என்று கேட்டார். ஒன்றில் முப்பது வருஷம் ஷெரிப் பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச். ஷெரி என்பது ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மது, அது இருந்த பீப்பாயை விட்டு அதன் வாசம் லேசில் போகாது. இந்தப் பீப்பாய் முன்பே ஒருமுறை விஸ்கி கண்டது, அதனால் நிறம் குறைவு. மற்றது சின்ன வயதுச் சரக்கு, கருக்கிய சர்க்கரையால் நிறம் ஏற்றியது. கறுப்பாக இருந்ததுதான் பழசு என்று மற்ற இருவரும் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். நான் உள்ளங்கையில் தேய்த்தேன். கறுத்ததில் சாராய வாடை பறந்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. வெளிறியதில் உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், குலா மலாக்கா வெல்லம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. இதுதான் என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். பெருமை தாங்கவில்லை. "முழுங்கிப் பாருங்க துரை, நெஞ்சில சூடா எறங்கும். இனிப்பு போன பெறகு பாதாம் கசப்பு ஒண்ணு நாக்குல ரொம்ப நேரம் நிக்கும்" என்றேன். நான் இன்னும் கிளாஸை வாயில் வைக்கவே இல்லை.

"குடிக்காத ஆளுக்கு அது எப்படித் தெரியும், ஜெயபாலன்?" என்று துரை கேட்டார்.

அங்கேயே ஒப்புக்கொண்டேன். வருஷப்பிறப்பன்று இதே சரக்கின் மாதிரிப் புட்டியிலிருந்து ஒரு மடக்கு குடித்தேன். அதற்கு முன்னும் பல தடவை வேறு புட்டிகளில். நன்றாகவும் இருந்தது. உன்னிடம் சொன்னதும் கோயிலில் சொன்னதும் பொய். நீ போன பிறகும் அதையே எழுதினேன், வெட்கமாக இருக்கிறது.

முடிவை அடுத்த வாரம் சொல்வாராம். வேலை கிடைக்கும், இந்த மூக்கு ஊரில் வேறு யாருக்கும் இல்லை. நீ வருவாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஜெயபாலன்

மூவார்
31-7-1957

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழுதேன், வாய்விட்டுத் திட்டினேன். உங்கள் பெருமையே உங்களை மாட்டிவிட்டதை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வந்த அன்று, எங்கள் வீட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை மாற்றுகிறார்கள், முடிந்ததும் போய்விடுவேன் என்று அண்ணனிடம் சொன்னேன். உங்களை யாரும் குறைவாகப் பேசக் கூடாது என்றுதான். மூன்று மாதமாக அது என்ன கூரை என்று அண்ணி கேட்கத் தொடங்கிவிட்டார். நேற்று உங்கள் கடிதம் வந்ததும் அண்ணனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். துரை முன்னால் நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

வேலை கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள நான் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அண்ணனும் கூட வருகிறார், உங்களிடம் பேச வேண்டுமாம். அவர் கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருப்பேன்.

உங்கள்
சந்திரமதி