எட்டாவது மலையை எழுதியது யார்?

திருப்பதி,
சுக்ல வருஷம், கார்த்திகை மாதம்.

திருவல்லிக்கேணியில் இருக்கும் அண்ணா சாரங்கபாணிக்குத் தங்கை யதுகிரி அநேக தெண்டம் சமர்ப்பித்து எழுதுவது. பெருமாள் கடாக்ஷத்தில் இங்கே எல்லாரும் சுகம். மன்னி முழங்கால் வலிக்குத் தைலம் தடவுகிறாளா, இல்லை வழக்கம்போல் புட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா?

என் பெண் வஸுமதிக்கு நீ அனுப்பிய புஸ்தகப் பார்சல் வந்து சேர்ந்தது. தபால்கார அப்பாவு அதைக் கொடுக்கும்போதே சிரித்தான். கயிற்றில் இருந்த முடிச்சு நீ போடுகிற முடிச்சு இல்லை. வழியில் பிரித்துப் படித்திருப்பான் என்று நினைக்கிறேன். அவன் போகட்டும், எனக்கு உன் மேல்தான் சந்தேகம்.

குழந்தைகள் அவசியம் படிக்க வேண்டிய மாயக் கதைகள் என்று மூன்றைச் சிபாரிசு செய்து எழுதியிருக்கிறாய். அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறவன், ஆயிரம் புஸ்தகம் உன் கண்ணில் படும், நல்லதைத்தான் சொல்வாய் என்று நம்பினேன். வஸுமதி சொல்லிக் கேட்டேன், 'கண்ணாடிக் குதிரை'யில் ஒரு பெண் குதிரை மேல் ஏறி ஊரை விட்டுப் போகிறாள். 'பேசும் கிணறு' கதையில் ஒருத்தி கிணற்றுக்குள் இறங்கிப் போகிறாள். 'எட்டாவது மலை'யில் ஒருத்தி மலை ஏறிப் போகிறாள். மூன்று பேருக்கும் வஸுமதி வயசு. மூன்று பேரும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு அனுப்புகிற கதைகளா இவை?

ஆமாம், கல்யாணம்தான். பங்குனி நடுவில் அந்தப் புதுச் சட்டம் அமலுக்கு வருகிறதாம். பதினாலு வயசு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் தண்டனையாம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊரே ஓடுகிறது. மேளக்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. வஸுமதிக்குப் பதினொன்று முடிந்துவிட்டது, இப்போது விட்டால் மூன்று வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு ஊர் வாயில் விழ வேண்டும் என்று எங்காத்துக்காரர், உன் மாப்பிள்ளை, பயப்படுகிறார். சித்தூர் கலெக்டர் கச்சேரி குமாஸ்தா ஒருவரின் பிள்ளையைப் பார்த்திருக்கிறது. பையனுக்கு என்ன வயசு என்று மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் வேறு வேறு வயசு சொன்னார்கள். ஆனாலும் நல்ல குடும்பம் என்கிறார்கள்.

இந்தச் சமயத்தில் உன் புஸ்தகம் செய்த கூத்தைக் கேள். பிரபந்தம் கற்றுக்கொடுக்கும் சந்தை முறை உனக்குத் தெரியும். குரு ஒரு தரம் சொல்ல, சிஷ்யர்கள் இரண்டு தரம் சொல்ல வேண்டும். இவர் திண்டாடித் திண்டாடிப் பையன்களுக்குச் சொல்லிவைப்பதை உள்ளேயிருந்து கேட்டே வளர்ந்தவள் வஸுமதி. போன வாரம் இவர் கோவிந்தராஜர் சன்னிதியிலிருந்து திரும்பி வருகிறார். கொல்லையில் பெண்குழந்தைகள் ராகமாகச் சந்தை சொல்லும் சத்தம். தன் பெண் பாசுரம் சொல்லிவைக்கிறாள் என்று உருகிப்போய், வாசலிலேயே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுவிட்டார். அடுத்த வீட்டு ரத்னம்மாதான் என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரரு ஆட்டுக் கதைக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நிக்கிறாரு" என்றாள். ரத்னம்மாவின் பெண்களுக்கு வஸுமதி சந்தை சொல்லிக்கொண்டிருந்தது 'எட்டாவது மலை'! ஒற்றைக் கொம்பு ஆடு கதவைக் காத்துக்கொண்டு, உன் பேர் என்ன, உன் வயசென்ன என்று கேட்கும் கட்டத்தை அப்படியே திவ்யப் பிரபந்தம் மாதிரி இழுத்துச் சொல்லியிருக்கிறது பெண்.

இவருக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அந்தப் புஸ்தகத்தை வெந்நீர் அடுப்பில் போடு என்றார். எழுத்தைக் கொளுத்த எனக்கு மனசு வரவில்லை, பருப்புப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மற்ற இரண்டு கதைகளுக்கும் ஒரு வரி எழுதிய நீ, 'எட்டாவது மலை'க்கு மட்டும் ஒரு பக்கம் புகழ்ந்திருக்கிறாய். அதை எழுதியவர் ஸ்ரீமதி செங்கமலம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. யார் இந்த அம்மாள்? மன்னிக்கு இவளைத் தெரியுமா? உண்மையைச் சொல்லிவிடு. இனிமேல் புஸ்தகம் எதுவும் அனுப்பாதே.

இப்படிக்கு,
யதுகிரி


திருப்பதி,
தை மாதம்.

அண்ணாவுக்கு யதுகிரியின் தெண்டம். க்ஷேம சமாசாரம் எல்லாம் பின்னால். ஸ்ரீமதி செங்கமலம் சின்ன வயசில் நம் வீட்டில் இருந்த பசுமாடு!

ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. பசுமாட்டின் பேரில் நாவல் எழுதி, அதைத் தானே சிபாரிசும் செய்கிறவன் இந்த ராஜதானியிலேயே நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். அதிலே ஒரு பக்கம் புகழ்ச்சி வேறு. வெட்கமாக இல்லையா?

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். அதில் என்ன விஷம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எடுத்தேன், வேறொன்றுமில்லை. மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு பருப்புப் பானையை நகர்த்தினேன். குளத்துப் படியில் ஒரு பெண் பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டே தமையனிடம் கேட்கிறாள், ஏழு மலைக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று. எட்டாவது மலை என்கிறான் அவன். என்னை அழைத்துக்கொண்டு போகிறாயா என்கிறாள். அந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டேன். திருச்சானூர்க் குளத்துப் படியில் செங்கமலத்தைக் குளிப்பாட்டிக்கொண்டே நான் உன்னைக் கேட்டது அது. எனக்கு அப்போது ஒன்பது வயசு. அறுவடை ஆகட்டும், போகலாம் என்றாய். அறுவடைக்கு முன்னால் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணத்தில் அக்னி முன்னால் என் கையில் பொரி இட்டவனும் நீதான்.

கதையில் அந்தத் தமையன் தாழ்ப்பாளைத் திறந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். நிஜத்தில் செய்யாததை அச்சில் செய்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

அது சரி, எட்டாவது மலைக் கதவுக்குள் நுழைந்தவள் என்ன ஆனாள்? முதல் பாகம் முற்றும் என்று போட்டு நிறுத்திவிட்டாய். அந்தப் பொண் திரும்பி வந்தாளா அம்மா என்று வஸுமதி என்னைத் துளைக்கிறாள். அப்பாவு கூட, இரண்டாம் பாகம் எப்ப வரும்மா என்று விசாரிக்கிறான். பிரித்துப் படித்தது நிச்சயமாகிவிட்டது.

சித்தூர்க்காரர்கள் வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். எனக்கு என்னவோ மனசு ஒரு நிலையில் இல்லை. உன் புஸ்தகத்தின் வேலைதான் இதுவும் என்று சந்தேகப்படுகிறேன்.

யதுகிரி


திருப்பதி,
மாசி மாதம்.

அண்ணாவுக்கு யதுகிரியின் தெண்டம். இந்தக் கடிதத்தை அப்பாவு கையில் கொடுக்கவில்லை. ரத்னம்மா ரேணிகுண்டா போகிறாள், அங்கே போடச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. எழுத்தைக் கொளுத்தலாமா என்று யோசிக்காதே.

சித்தூர்க்காரர்கள் வந்தார்கள். வஸுமதி நமஸ்காரம் பண்ணினாள், பாசுரம் சொன்னாள், ஓர் எழுத்துப் பிசகவில்லை. பையனின் அம்மா அவளை எழுந்து நடக்கச் சொன்னாள், பல்லைக் காட்டச் சொன்னாள். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்கள் கூட நம் செங்கமலத்தை இன்னும் மரியாதையாகப் பார்த்திருப்பார்கள். பையன் வரவில்லை, பரீட்சை என்றார்கள். இந்த மாதத்தில் என்ன பரீட்சை என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் காப்பி கேட்டார்கள்.

அப்புறம் அந்த மாமி சமையலறையைப் பார்க்கிறேன் என்று உள்ளே வந்தாள். பருப்புப் பானைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பார்களா யாராவது? பார்த்தாள். புஸ்தகத்தைப் புரட்டினாள். "இதெல்லாம் யார் வாங்கித் தரா?" என்றாள். மாமா என்று வஸுமதி பெருமையாகச் சொன்னது. "எங்காத்துக்கு வந்தப்புறம் இந்தப் பழக்கமெல்லாம் வேண்டாம், நானே வெச்சுக்கறேன்" என்று சொல்லித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள். குழந்தை அழவில்லை. சாயங்காலம் கொல்லையில் போய்த் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டது. எதுவும் மறந்துவிடவில்லை என்று என்னிடம் வந்து சொல்லிற்று.

மாசிக் கடைசியில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியும். பங்குனி பாதி தாண்டிவிட்டால் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிற பையனின் அப்பா இந்தக் கல்யாணத்தைச் செய்ய மாட்டார். அதுவரை வஸுமதி இந்த ஊரில் இல்லாமல் இருந்தால் போதும், மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

உன் மாப்பிள்ளை மேலும் எனக்கு இப்போது சந்தேகம். நேற்று சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், உன் அண்ணாவுக்கு எழுது என்றார். மாமா தோளில் தூக்காமல் மாலை மாற்ற முடியாதே, முன்னாடியே வரச் சொல் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் எனக்கு மலையில் கைங்கரியம், வீட்டில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். இன்று காலையில் குளித்துக்கொண்டே ஒற்றைக் கொம்பு ஆட்டின் வரியை முணுமுணுத்ததையும் கேட்டேன். புஸ்தகம் பானைக்குப் பின்னால் இருந்த நாட்களில் நான் மட்டும்தான் அதை நகர்த்தினேனா என்பது பெருமாளுக்குத்தான் தெரியும்.

மன்னிக்கு முழங்கால் முடியவில்லை, கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண் வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டு வா. மன்னி தைலம் தடவாமல் இருந்ததற்கு இதுவரை திட்டினேன், இப்போது அவளுக்கு ஒரு நமஸ்காரம். உங்கள் தெருவில் பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய். அது இன்னும் இருக்கிறது அல்லவா? ஊர் என்னைப் பேசும். பேசட்டும். பேச்சு கேட்டுப் பழகிய காதுதான் இது.

இரண்டாம் பாகத்தைத் தபாலில் அனுப்பாதே, கையில் எடுத்துக்கொண்டு வா. ரயிலில் அவள் படித்துக்கொண்டு போகட்டும். அதில் அந்தப் பெண்ணை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே. எட்டாவது மலையில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டு, தானாகத் திரும்பி வரட்டும். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று ஒரு வரி சேர்த்து எழுது.

கல்யாணப் பெண்ணைத் தாய்மாமன்தான் தூக்க வேண்டும் என்பது நம் வழக்கம். வந்து தூக்கிக்கொள், அண்ணா. பந்தலில் இறக்க வேண்டாம், ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறக்கு. ஏழுமலையான் உனக்குத் தோளில் பலம் கொடுக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்து, பெண்ணின் துணிகளை மடித்துவைத்திருக்கும்,
தங்கை யதுகிரி