அப்பா கையில் எத்தனை சாக்பீஸ்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் மேசை விளக்கைத் தாளோடு ஒட்டினாற்போல் இறக்கி வைத்து எழுதுகிறேன். அம்மா விழித்தால் திட்டுவாள். ஆனால் இந்த விளக்கு இல்லாமல் என்னால் இந்த அறைக்குள் நடக்கவே முடியாது. அது உங்களுக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் வரை அது பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியாது.

உங்களோடு வேலை பார்த்த மேரி டாக்டர் நாளைக் காலையில் வருகிறார். நீங்கள் கண் மூடும் வரை இத்தனை வருஷம் எழுதிய நோட்டுகளை எல்லாம் சேர்த்துப் புத்தகமாக்கப் போகிறாராம். தூசி தட்டி அடுக்கி வை என்று அம்மா சொன்னாள். அடுக்கும்போதுதான் பிரித்தேன்.

மாலைக்கண் என்றால் முருங்கைக்கீரையும் ஈரலும் போதும் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், அதற்கும் சரியாகாத பிள்ளைகளைத் தேடி ஜீயபுரம் வரைக்கும் சைக்கிளில் போனீர்கள். கண்ணுக்குள் சின்ன விளக்கைக் காட்டிப் பார்த்து, விழித்திரையின் ஓரத்தில் கரித்தூள் சிந்தினாற்போல் கிடந்த புள்ளிகளைக் கலர் பென்சிலால் வரைந்தீர்கள். எதிர்ப்பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் வரைபடம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நோய் இருந்தால் உள்ளே கறுப்பு.

கடைசி நோட்டில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் எண் போடவில்லை. அக்கா மகளைக் கட்டியவர், இரண்டு பெண்கள், மனைவிக்கு ஒரு தம்பி. யாரோ என்றுதான் பார்த்தேன். மறுபடி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். அது நாம்.

கீழே திரும்பத் திரும்ப ஒரே குறிப்பு. "இளையவள். மொட்டை மாடி, அந்தி நேரம். சாக்பீஸ் எண்ணிச் சொன்னாள். சரி. கண்ணுக்குள் பார்க்கத் தேவையில்லை."

அப்பா, அது விளையாட்டு இல்லையா?

மாடியின் அந்தக் கோடியில் நின்று கையைத் தூக்குவீர்கள். "எத்தனை சாக்பீஸ், பாப்பா?" முதல் நாள் எனக்கு உங்கள் கையே தெரியவில்லை. தப்பாகச் சொன்னேன். "நல்லாப் பாரும்மா, நல்லாப் பாரு" என்று பத்துத் தடவை சொன்னீர்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை.

மறுநாள் அக்கா என் காதில், "நான் உன் கையை அழுத்துறேன்டி. எத்தனை தடவை அழுத்துறேனோ அதைச் சொல்லு. அப்பா பாவம்" என்றாள். மூன்று தடவை அழுத்தினாள். மூன்று என்றேன். நீங்கள் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றிப் பெப்பர்மிண்ட் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு நான் ஒருநாளும் தோற்கவில்லை.

குறிப்பின் கடைசி வரி இது: "நம் வீட்டில் இந்த நோய் இல்லை. பெரியவளை மைத்துனனுக்குக் கொடுக்கலாம்."

இந்த வரியை அம்மா எப்போதோ படித்திருக்கிறாள். நேற்று மாமா வந்திருந்தபோது, "அவரே எழுதி வச்சிட்டுப் போயிருக்காருடா, இனிமே என்ன யோசனை?" என்றாள். "மாமா சரின்னு சொல்ல நாலு வருஷம் காத்திருந்தேன்க்கா. அவர் எழுத்து போதும்" என்றார் மாமா. அவருக்கும் நீங்கள் மாமாதானே. வரும் வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுகிறார்கள். நான் அக்காவுக்குப் பூ எடுத்து வைக்க வேண்டுமாம்.

கொஞ்ச நேரம் முன்னால் அக்கா ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். "மாடியில என் கையை அழுத்துவியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"பெப்பர்மிண்ட்ல பாதியைக் கடிச்சுக் குடுப்பியே, எச்சில் பண்ணி! மறப்பேனா? இப்ப எதுக்குடி அது?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன், அப்பா. என் வட்டம் கறுப்பென்றால் அக்காவுக்கும் மாமாவுக்கும் பிறக்கும் பிள்ளைக்கும் வரலாம். உங்கள் நோட்டுதான் சொல்கிறது. எனக்கு என்ன ஆகும் என்பதையும் அதே நோட்டு சொல்கிறது. முதலில் ராத்திரி போகும், பிறகு ஓரங்கள் போகும், கடைசியில் நடுவும். அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன்.

ஊரார் பிள்ளைகள் எல்லார் கண்ணுக்குள்ளும் பார்த்தீர்களே, என் கண்ணுக்குள் ஏன் பார்க்கவில்லை? தேவையில்லை என்றா? இல்லை, உங்களுக்கும் இப்போது எனக்கு இருப்பது போல் பயமா? அக்கா கையை நீங்கள் பார்த்தீர்களா?

பென்சிலை எடுத்தேன். அந்த வட்டத்தை நான் நிரப்பவில்லை. பார்க்காமல் நிரப்பக்கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

நாளை மேரி டாக்டர் வந்ததும், நோட்டைக் கொடுக்கும் முன்னால் கண்ணுக்குள் பார்க்கும் உங்கள் சின்ன விளக்கைக் கொடுப்பேன். அம்மா, அக்கா இருவர் எதிரிலேயே என் கண்ணுக்குள் பார்க்கச் சொல்வேன். சாயங்காலம் மாடிக்குக் கூட்டிப்போய் எத்தனை என்று அவர் கேட்டால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தெரியவில்லை என்று சொல்வேன். இது சத்தியம், அப்பா.

உங்கள் சின்ன மகள்,
கமலா